பிளாஸ்டிக்குக்கு ஒரு நல்ல சாவு

மக்கும் பை பற்றி நம் மக்களிடம் ஒரே ஒரு புகார்தான் இருக்கிறது: கிழிகிறது. ஒரு கிலோ தக்காளி, அரைக் கிலோ கத்திரிக்காய், மேலே ஒரு பூசணிக் கீற்று. வீடு வந்து சேர்வதற்குள் காது அறுந்துவிடுகிறது. கடைக்காரரைக் கேட்டால், "சட்டம் சார், நாங்க என்ன செய்ய முடியும்?" என்று கையை விரிக்கிறார்.

இதைவிடப் பெரிய புகார் ஒன்று இருக்கவேண்டும். ஆனால் அதை யாரும் எழுப்புவதில்லை. அந்தப் பை உண்மையிலேயே மக்குகிறதா? எங்கே மக்குகிறது? எத்தனை நாளில்?

தாவரங்களிலிருந்து தயாராகும் மக்கும் பிளாஸ்டிக்கின் தரத்தை உயர்த்த உலகெங்கும் ஆராய்ச்சி நடக்கிறது. இந்த இரண்டு புகார்களும் அங்கே சேர்ந்தேதான் வருகின்றன. ஒன்றைச் சரி செய்யப் போனால் மற்றது முரண்டு பிடிக்கிறது. இந்த இழுபறியைப் புரிந்துகொள்ளாமல் மக்கும் பிளாஸ்டிக் பற்றிப் போடப்படும் சட்டமும், ஆலைத் திட்டமும், விளம்பரமும் அரைக் கிணறுதான் தாண்டும்.

முதலில் ஒரு பழைய கதை. பிளாஸ்டிக் பிறந்ததே தாவரத்திலிருந்துதான். யானைத் தந்தத்தில் செய்த பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றுத் தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹயாட் 1870வாக்கில் செல்லுலாய்டை உருவாக்கினார். பருத்தியில் இருக்கும் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தினால் கிடைக்கும் பொருள் தனியாக இருந்தால் நொறுங்கும். அதோடு கற்பூரத்தைச் சேர்த்ததும் அது வளைந்து கொடுத்தது. ஆம், நாம் சாமிக்கு ஏற்றும் அதே கற்பூரம்தான். நொறுங்கும் பொருளை நெகிழவைக்க இன்னொரு பொருளைச் சேர்ப்பது என்ற உத்தி அன்று தொடங்கியது. இன்றும் பாதி ஆராய்ச்சி அதைச் சுற்றியே நடக்கிறது.

1907ல் லியோ பேக்லண்ட் முழுக்க முழுக்கச் செயற்கையான பேக்லைட்டைக் கொண்டுவந்தார். பிறகு பெட்ரோலியம் வந்தது. மலிவு, உறுதி, தண்ணீர் புகாத தன்மை, சாகாவரம். இந்தச் சாகாவரம்தான் பின்னால் சாபமாகிவிட்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி 2020-21ல் இந்தியாவில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு மட்டும் சுமார் 41 லட்சம் டன். எனவே மறுபடியும் தாவரங்களிடம் போகிறோம்.

போகும்போதே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தாவரத்திலிருந்து வந்ததெல்லாம் மக்காது. மக்குவதெல்லாம் தாவரத்திலிருந்து வந்ததும் அல்ல. பிரேசிலில் பிராஸ்கெம் நிறுவனம் 2010 முதல் கரும்பு எத்தனாலிலிருந்து பாலிதீன் தயாரிக்கிறது. அது கரும்பில் பிறந்தாலும் சாதாரண பாலிதீனேதான். நூறாண்டு கழித்துத் தோண்டினாலும் கிடைக்கும். மறுபுறம், ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1998ல் சந்தைக்குக் கொண்டுவந்த பி.பி.ஏ.டி. என்ற பிளாஸ்டிக் பெட்ரோலியத்தில் பிறந்தது. ஆனால் மக்கும். 'பச்சை இலை' முத்திரையோடு வரும் பல பைகளில் பெரும்பங்கு இந்த பி.பி.ஏ.டி.தான். மூலப்பொருள் என்ன என்பது ஒரு கேள்வி. முடிவு என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. விளம்பரக்காரர்கள் முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

தாவரப் பிளாஸ்டிக்கில் மிக எளிமையானது மாவுச்சத்து. இதன் தொழில்நுட்பம் நம் வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. ஜவ்வரிசிக் கூழைக் காய்ச்சித் துணியில் மெல்லிசாக ஊற்றினால் மறுநாள் பளபளப்பான வில்லைகளாக உரித்தெடுக்கலாம். கூழ் வற்றல் என்பது ஒரு மாவுச்சத்து பிளாஸ்டிக் ஏடு. அதன் குறைகளும் தெரிந்தவையே. காய்ந்தால் நொறுங்கும், ஈரம் பட்டால் கொழகொழத்துப் போகும்.

தொழிற்சாலையில் இதே கூழில் கிளிசரின் சேர்க்கிறார்கள். கற்பூரம் செல்லுலாய்டுக்குச் செய்ததைக் கிளிசரின் மாவுச்சத்துக்குச் செய்கிறது. நெகிழ்வு வருகிறது. ஆனால் சில வாரங்களில் இன்னொரு தொல்லை. முதல் நாள் மிருதுவாக இருந்த இட்லி ஃபிரிட்ஜில் வைத்தால் விறைத்துப்போகிறது அல்லவா? மாவுச்சத்தின் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல மறுபடியும் அணிவகுத்து நிற்பதால் வரும் விறைப்பு அது. பையிலும் அதேதான் நடக்கிறது. கடையில் ஆறு மாதம் கிடந்த பை அப்பளம்போல் ஒடிகிறது. ஆகவே மாவுச்சத்தைத் தனியாக விடாமல், மக்கக்கூடிய வேறொரு பாலியெஸ்டரோடு கலக்கிறார்கள். இத்தாலியின் நோவாமான்ட் நிறுவனம் இந்த வழியில்தான் உலகச் சந்தையைப் பிடித்தது.

கலக்கும் பொருள் மக்காததாக இருந்தால் என்ன ஆகும்? அதற்கும் வரலாறு இருக்கிறது. 1980களில் பாலிதீனில் கொஞ்சம் மாவுச்சத்தைத் தூவி 'மக்கும் பை' என்று அமெரிக்காவில் விற்றார்கள். மாவுச்சத்தைக் கிருமிகள் தின்றன. பாலிதீன் சல்லடையாகிக் கிடந்தது. இத்தகைய விளம்பரத்துக்காக 1990ல் மொபில் நிறுவனத்தின் மேல் பல மாநில அரசுகள் வழக்குப் போட்டன. பிறகு வேறொரு வித்தை வந்தது: பாலிதீனில் உலோக உப்பைச் சேர்த்து, வெயிலில் தூள் தூளாக உதிரும்படி செய்வது. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அது மக்கிவிட்டதாகாது. ஐரோப்பிய யூனியன் 2021ல் இந்த ரகத்துக்குத் தடை விதித்தது.

அடுத்தது பாலிலாக்டிக் ஆசிட், சுருக்கமாக பி.எல்.ஏ. சோளம் அல்லது கரும்பின் சர்க்கரையைப் புளிக்கவைத்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கும். தயிரின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம். அதன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோர்த்தால் கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக். நைலானைக் கண்டுபிடித்த வாலஸ் கரோதர்ஸ் 1932லேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். பிறகு பல காலம் உடலுக்குள் தானே கரையும் தையல் நூல் போன்ற மருத்துவ வேலைகளுக்கு மட்டுமே இந்தக் குடும்பம் பயன்பட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சோளத்திலிருந்து பெரிய அளவில் பி.எல்.ஏ. உற்பத்தி தொடங்கியது. பிறகு தாய்லாந்தில் கரும்பிலிருந்து. உத்தரப் பிரதேசத்தின் கும்பியில் கரும்பிலிருந்து பி.எல்.ஏ. தயாரிக்கும் ஆலை அமைக்கப்போவதாக பல்ராம்பூர் சீனி மில்ஸ் 2024ல் அறிவித்தது.

பி.எல்.ஏ.வின் குறைகள் மூன்று. ஒன்று, நொறுங்கும் குணம். இழுத்தால் நீளாமல் படக்கென்று முறியும். இரண்டு, ஈரம். உருக்குவதற்கு முன் குருணையை நன்றாக உலர்த்தாவிட்டால், உருகும் சூட்டில் ஈரமே சங்கிலிகளை வெட்டிவிடும். மழைக்காலத்தில் சிறு பட்டறைகளில் ஓட்டும் சரக்கு ஏன் தரம் கெடுகிறது என்பதற்கு இது ஒரு பதில். மூன்று, சூடு. 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பி.எல்.ஏ. தளர்ந்துவிடும். அதில் செய்த டம்ளரில் ஐஸ் போட்ட ஜூஸ் குடிக்கலாம். டீ ஊற்றினால் டம்ளர் தலை குனியும்.

இவற்றுக்கு வைத்தியம் உண்டு. நொறுங்கலுக்கு பி.பி.ஏ.டி. போன்ற நெகிழும் பிளாஸ்டிக்கைக் கலக்கிறார்கள். இரண்டும் எண்ணெயும் தண்ணீரும்போல் ஒட்டாமல் நிற்பதால், இடையில் கைகோர்த்துவைக்க ஒரு ரசாயனத் தரகரும் தேவைப்படுகிறார். சூட்டுக்கு, டால்க் போன்ற நுண்தூளைச் சேர்த்துப் பளிங்கு அமைப்பை வளர்க்கிறார்கள். அப்படிச் செய்த ஸ்பூன் சூடான சாம்பாரையும் தாங்கும். 1987ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இன்னொரு வழி கண்டார்கள். லாக்டிக் அமிலத்துக்கு இடக்கை, வலக்கை என்று இரு வடிவங்கள் உண்டு. இரண்டு வகைச் சங்கிலிகளையும் கலந்தால் கூப்பிய கைகள்போல் இறுகப் பொருந்திக்கொள்கின்றன. உருகுநிலை சுமார் 50 டிகிரி உயர்கிறது.

இங்கேதான் முரண்டு ஆரம்பம். பி.எல்.ஏ. மக்குவது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் தண்ணீர் புகுந்து நீளச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டவேண்டும். பிறகுதான் கிருமிகள் அந்தத் துண்டுகளைத் தின்னும். சங்கிலிகள் தளர்ந்திருந்தால்தான் தண்ணீர் வேகமாக உள்ளே புகும். அவை தளர்வது எப்போது? 60 டிகிரியை நெருங்கும்போது. அதாவது, எந்தச் சூட்டில் டம்ளர் தொய்கிறதோ அந்தச் சூடுதான் அது மக்குவதற்கும் வேண்டும். டீயைத் தாங்க வேண்டும் என்று பளிங்கை வளர்த்தால், அதே பளிங்கு தண்ணீரையும் கிருமியையும் தடுத்து நிற்கிறது. உழைக்கும் தரம் ஏறினால் சாகும் தரம் இறங்குகிறது.

'மக்கும்' என்று சான்றிதழ் தரும் சோதனையும் இந்தச் சூட்டில்தான் நடக்கிறது. ஐ.எஸ்.ஓ. 17088 தர நிர்ணயத்தைத்தான் இந்தியாவும் பின்பற்றுகிறது. 58 டிகிரியில், ஈரமும் காற்றும் அளவாகக் கொடுத்து, ஆறு மாதத்துக்குள் 90 சதவிகிதம் கார்பன் டையாக்சைடாக மாறினால் பாஸ். நன்கு நடத்தப்படும் உரக்கிடங்கில் இது சாத்தியம்தான். குப்பைக் குவியலை ஈரம் காயாமல் அடிக்கடி புரட்டிக் கொடுத்தால் உள்ளே 60 டிகிரி தானாக ஏறும். ஆனால் நம் பைகள் அங்கே போய்ச் சேருகின்றனவா? சாக்கடையில் விழும் பைக்கு 58 டிகிரி கிடையாது. கடலில் மிதக்கும் பைக்கும் கிடையாது. மாட்டின் வயிற்றிலும் கிடையாது.

இது வெறும் சந்தேகமல்ல. பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இமோஜன் நேப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் 2019ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடைகளில் கிடைத்த பைகளை மண்ணில் புதைத்தும் கடலில் தொங்கவிட்டும் மூன்றாண்டு காத்திருந்தார்கள். 'பயோடிகிரேடபிள்' என்று அச்சிட்ட பை, மூன்றாண்டுக்குப் பிறகும் கடைச் சாமானைத் தூக்கும் வலுவோடு இருந்தது. 'கம்போஸ்டபிள்' பை கடலில் மூன்று மாதத்தில் மறைந்தது. ஆனால் அதே பை மண்ணில் 27 மாதம் கழித்தும் பாக்கி இருந்தது, எடை மட்டும்தான் தாங்கவில்லை. ஒரே பைக்கு இடத்துக்கு இடம் ஆயுள் மாறுகிறது. இடத்தைச் சொல்லாமல் 'மக்கும்' என்று மட்டும் சொல்வது, முகவரி இல்லாத கடிதம்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. அது நம்பிக்கை தருவதாகவும் இருக்கிறது.

முதல் வழி, மண்ணில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் காட்டியது. நாம் இடுப்பில் கொழுப்பைச் சேர்ப்பதுபோல் அவை தம் உடலில் ஒரு பாலியெஸ்டரைச் சேமிக்கின்றன. பாரிஸின் பாஸ்டர் நிலையத்தில் மாரிஸ் லெமான் 1920களில் கண்டறிந்த பி.ஹெச்.பி. அது. சர்க்கரையோ தாவர எண்ணெயோ கொடுத்து வளர்க்கலாம். கிருமிகளின் உணவாகவே உருவானதால் 58 டிகிரிக்குக் காத்திருப்பதில்லை. மண்ணிலும் கடலிலும் மக்குகிறது. ஆனால் நாளாக நாளாகப் பளிங்கு பெருத்து நொறுங்கும். பாக்டீரியாவின் தீவனத்தை மாற்றிச் சங்கிலியில் இன்னொரு கண்ணியைச் சேர்த்தால் நெகிழ்வு கூடுகிறது. 1990ல் ஜெர்மனியில் இந்த ரகத்தில் ஷாம்பு பாட்டில்கூட விற்பனைக்கு வந்தது. விலைதான் அன்றும் இன்றும் குறுக்கே நிற்கிறது.

இரண்டாவது வழி, நார். சணல், தென்னை நார், கரும்புச் சக்கை போன்றவற்றை பி.எல்.ஏ.வில் சேர்த்தால் உறுதி கூடும். நார் ஈரத்தை உள்ளே இழுத்துச் செல்வதால் மக்குவதற்கும் துணை செய்யும். உழைக்கும் தரமும் சாகும் தரமும் ஒரே பக்கம் இழுக்கும் அபூர்வமான இடம் இது. தடை என்னவென்றால், நாருக்குத் தண்ணீர் பிடிக்கும், பிளாஸ்டிக்குக்குப் பிடிக்காது. இரண்டும் ஒட்டுவதற்கு நாரைக் காரத்தில் கழுவிப் பதப்படுத்த வேண்டும். மெல்லிய பைக்கு இது ஆகாது. தட்டு, தொட்டி, நாற்றுக் கிண்ணம் போன்றவற்றுக்கு ஏற்றது.

மூன்றாவது வழிதான் மிகவும் புத்திசாலித்தனமானது. சாவைப் பிளாஸ்டிக்குக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுவது. 2021ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டிங் ஷூவின் குழு, பிளாஸ்டிக்கைத் தின்னும் என்சைமை ஒரு பாதுகாப்பு உறையில் பொதிந்து பி.எல்.ஏ.வுக்குள்ளேயே கலந்தது. உபயோகத்தில் இருக்கும்வரை என்சைம் தூங்குகிறது. ஈரமும் 50 டிகிரி சூடும் கிடைத்ததும் விழித்து, ஆறே நாளில் பிளாஸ்டிக்கைக் கரைத்தது. 2024ல் பிரான்ஸின் கார்பியோஸ் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களுடன் இணைந்த விஞ்ஞானிகளும், உருக்கும் சூட்டைத் தாங்கும் என்சைமை பி.எல்.ஏ.வில் பதித்து, வீட்டு உரத்தொட்டியின் மிதமான சூட்டிலேயே அது மக்கிவிடுவதை 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். உழைப்பையும் சாவையும் தனித்தனிப் பொருள்களிடம் ஒப்படைத்ததால் இழுபறி குறைகிறது.

சோதனைச்சாலைக்கு வெளியே நம் நிலைமை என்ன? 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை உபயோகிக்கும் பல பிளாஸ்டிக் பொருள்களுக்கு நாடெங்கும் தடை. உரமாக மக்கும் பிளாஸ்டிக்குக்கு விலக்கு உண்டு. அதைத் தயாரிப்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெறவேண்டும். பையில் தயாரிப்பாளர் பெயரும் சான்றிதழ் எண்ணும் இருக்கவேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் மக்கும் குருணையின் விலை பாலிதீனைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அந்த விலை வித்தியாசம் கலப்படத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறது. நேர்மையாகத் தயாரிக்கும் சிறு தொழில்காரர், பச்சை மை மட்டும் வாங்கிப் பாலிதீனில் அடிப்பவரோடு போட்டி போடவேண்டியிருக்கிறது.

இன்னொரு தரப்பை யாரும் நினைப்பதே இல்லை. குப்பை பொறுக்கிப் பிழைப்பவர். தெளிவான பி.எல்.ஏ. டம்ளரும் சாதாரண பெட் பாட்டிலும் பார்வைக்கு ஒரே மாதிரி. இரண்டும் கலந்து மறுசுழற்சிக்குப் போனால் பெட் சரக்கின் தரம் கெடும், அவருடைய விலை இறங்கும். உரக்கிடங்கிலோ இதற்கு நேர்மாறு. பிளாஸ்டிக் என்று தெரிந்ததும் மக்கும் பையையும் சேர்த்தே பிரித்து எறிவார்கள். மக்கும் சரக்கு மறுசுழற்சிக்கும் போகக்கூடாது, உரக்கிடங்குக்கும் போகமுடியாது என்றால், அது போகும் இடம் பழைய குப்பைமேடுதான். காற்றில்லாத அந்த ஆழத்தில் மாவுச்சத்து மக்கினாலும் மீத்தேனாகத்தான் வெளிவரும்.

இத்தாலியைப் பாருங்கள். 2011 முதல் அங்கே மக்காத பைகளுக்குத் தடை. அதோடு நிற்கவில்லை. மிலான் நகரில் 2012 முதல் 2014க்குள் வீடு வீடாகச் சமையல் கழிவைத் தனியே சேகரிக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். கடையில் வாங்கும் மக்கும் பையே அந்தக் கழிவுக்கு உறையாகிறது. பையும் பழத்தோலும் சேர்ந்தே ஆலைக்குப் போகின்றன. பை எங்கே சாகும் என்பதை முடிவு செய்துவிட்டுப் பையைத் தயாரித்தார்கள். விவசாய நிலத்தில் மூடாக்காக விரிக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஐரோப்பா 2018ல் தனித் தர நிர்ணயம் கொண்டுவந்தது. அதில் சோதனை 58 டிகிரியில் இல்லை. சுமார் 25 டிகிரி மண்ணில், இரண்டு ஆண்டுக்குள் 90 சதவிகிதம் மக்கவேண்டும். வயலில் கிடப்பதை வயலின் சூட்டில் சோதிப்பதுதானே நியாயம்?

நமக்கும் வேண்டியது இதுதான். சமையலறைக் குப்பைக்கு ஒரு ரகம், நாற்றங்கால் பைக்கும் மூடாக்குக்கும் ஒரு ரகம் என்று உபயோகத்தைப் பார்த்துத் தரம் வகுக்கவேண்டும். நம் மண்ணிலும் நம் மழையிலும் சோதிக்கவேண்டும். பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கென்றே 1968ல் தொடங்கிய சிப்பெட் நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. சோதிக்க ஆளும் அனுபவமும் உண்டு. கரும்பு தண்ணீரைக் குடிக்கும் பயிர். அவ்வளவு தண்ணீரைச் செலவழித்துச் செய்யும் பிளாஸ்டிக், பத்து நிமிடம் தக்காளி சுமந்துவிட்டுக் குப்பைமேட்டில் பாலிதீனுக்குத் துணையாகக் கிடப்பதில் யாருக்கும் லாபமில்லை. தக்காளிக்குத் துணிப்பையே போதும். வேறு வழியில்லாத இடங்களுக்கு மட்டும் மக்கும் பிளாஸ்டிக் போகட்டும்.

அதுவரை வாடிக்கையாளர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை பச்சை இலை அச்சிட்ட பையை நீட்டினால், சான்றிதழ் எண் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இருந்தால், இது எங்கே போனால் மக்கும் என்று கேளுங்கள். சோளத்தில் பிறந்தேன், கரும்பில் பிறந்தேன் என்று எல்லாப் பைகளும் பிறப்புச் சான்றிதழைக் காட்டுகின்றன. நாம் கேட்க வேண்டியது இறப்புச் சான்றிதழ்.